மூன்றாம் அறையின் கதவு

கதவைத் திறந்து வைத்தால் குளிர் வெளியே போய்விடும் என்று ஒரு நம்பிக்கை தூத்துக்குடியின் இறால் கிடங்குகளில் நெடுநாளாக நிலவிவருகிறது. சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். பொறுப்புள்ள யாராவது ஒருவர் இதை மறுத்தே ஆக வேண்டும். குளிர் எங்கும் போவதில்லை. போவதற்குக் குளிர் என்று ஒரு பொருள் இருந்தால்தானே. வெப்பம் இல்லாத நிலைக்கு நாம் வைத்துக்கொண்ட பெயர் அது. பட்டினி எப்படி ஒரு தின்பண்டம் இல்லையோ அப்படி. கதவைத் திறந்தால் உண்மையில் நடப்பது நேர் எதிரானது. வெளியே இருக்கும் சூடும் ஈரமும் உள்ளே வருகின்றன. கிடங்கில் பெட்டிகளை எண்ணிச் சரிபார்க்கும் பெர்னதெத் இதைப் பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவருகிறாள். மேனேஜர் கோமதிநாயகத்திடமிருந்து சுற்றறிக்கை வரும்போதெல்லாம் 'குளிர் வெளியேறும்' என்ற இடத்தைப் பேனாவால் அடித்து, மேலே 'வெப்பம் உள்ளே வரும்' என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். அவர் அதைக் கண்ணாடிக்கு மேலே பார்த்துவிட்டு, "எது வந்தா என்ன மேடம், எது போனா என்ன, கதவு மூடியிருக்கணும், அவ்வளவுதான்" என்பார். கதவைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஆனால் நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, மூன்றாம் அறையின் இரும்புக் கைப்பிடியில் கையுறை போட்ட கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்த பெர்னதெத்துக்கு, எது வருகிறது என்பதைவிட முக்கியமான கேள்வி உலகத்தில் வேறு எதுவும் இருக்கவில்லை.

அறை காலி. அதுதான் விஷயம். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு அறையையும் காலிசெய்து, இயந்திரத்தை நிறுத்தி, குழாய்களில் கட்டிப்போன ஐஸ் பாறையெல்லாம் உருகி ஓடுவதற்கு விடுவார்கள். மூன்றாம் அறையின் கடைசி இறால் பெட்டி இரண்டாம் அறைக்குப் போய் இரண்டு நிமிஷம் ஆகிறது. இயந்திரம் நிற்கப்போவது நாலு மணிக்கு. மெஷின் ரூம் ஆபரேட்டர் இசக்கிமுத்து போகும்போதே சொல்லிவிட்டுத்தான் போனான்: "யக்கா, நாலு மணிக்கு நான் மெஷின நிப்பாட்டிட்டு வாரேன். அதுக்கு முன்னாடி கதவத் தொறந்துறாதிய. மேனேஜர் கண்டிசனாச் சொல்லிருக்காரு." அவள் "சரிடே" என்றாள். சொல்லும்போது அவள் மனதில் ஒன்றும் இல்லை. இருந்தது, ஆனால் அதற்கு அவள் இன்னும் பெயர் வைக்கவில்லை. வாசலில் எப்போதும் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைத் திரை, ஈரத்தை உள்ளே விடாமல் தடுக்கிற திரை, வண்டியில் சிக்குகிறது என்று மத்தியானமே கழற்றிச் சுருட்டப்பட்டு மூலையில் கிடந்தது. உள்ளே மைனஸ் இருபத்துமூன்று. வெளியே நாலு நாளாகத் துறைமுகப் பக்கமிருந்து நசநசவென்று தூறல், வீட்டுக் கொடியில் துண்டு காயவில்லை, உப்பு ஜாடியில் உப்பு கட்டிதட்டி நிற்கிறது, காற்றைக் கையால் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அந்தக் காற்றை, திரை இல்லாமல், பெட்டிகள் இல்லாத அந்த அறைக்குள் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் அதன் ஈரம் எங்கே போகும்? தண்ணீராக மாற அதற்கு நேரம் இருக்காது. அந்தரத்திலேயே உறையும். உறைந்தது கீழே விழும். அப்படி விழுவதற்கு ஊர் உலகத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம். இல்லை, பதினெட்டு.

மூன்று வருஷத்துக்கு முந்தைய அக்டோபரில் ஒரு தடவை ஏதோ விழுந்தது. பெட்டி ஏற்றும்போது திரை ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருந்தது. கதவு ஐம்பது வினாடி திறந்திருந்தது. அவளுடைய கறுப்புக் கோட்டின் முழங்கைப் பக்கம் ஒன்று வந்து உட்கார்ந்தது. கூரையிலிருந்து உதிர்ந்த ஐஸ் பொடி என்றால் அது உருண்டையாக இருக்கும், இது தட்டையாக இருந்தது, அதற்குக் கைகள் இருந்தன, எத்தனை என்று எண்ணுவதற்குள் யாரோ "மேடம், இருநூத்தி நாப்பது பெட்டி, சரியா?" என்றார்கள், அவள் சரி என்றாள், திரும்பிப் பார்த்தால் முழங்கையில் ஒரு ஈரப்புள்ளி. அன்றைக்குப் பெட்டி இருநூற்று முப்பத்தொன்பது. அவளுடைய பத்தொன்பது வருஷத்தில் தப்பான எண்ணிக்கை அது ஒன்றுதான். அதற்கப்புறம் மகனின் பழைய அறிவியல் புத்தகங்களையும், பிறகு போனையும் வைத்துக்கொண்டு பனியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தாள். பனிக்கு நிறமில்லை, துண்டு துண்டாக வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. ஒரு பனித்துகளுக்கு ஆறு கைதான், ஐந்தோ எட்டோ கிடையாது. கடைகளில் டிசம்பரில் ஒட்டுகிற எட்டுக் கை நட்சத்திரங்களைப் பார்த்தால் அவளுக்கு இரண்டு கையைக் கிள்ளிப் போடத் தோன்றும். இவ்வளவும் தெரியும். விழும்போது சத்தம் கேட்குமா என்பது மட்டும் தெரியாது. எழுதியவர்கள் எல்லாரும் அமைதி அமைதி என்று எழுதுகிறார்கள். காது வைத்துக் கேட்டார்களா என்று ஒருத்தரும் எழுதவில்லை.

முதல் பனி பஞ்சு. எல்லார் வீட்டிலும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கோல் கூரைமேல் பஞ்சைப் பிய்த்துப் போடுவார்கள், பெத்லகேமில் அன்றிரவு பனி கொட்டியது என்று யார் எந்தச் சுவிசேஷத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் வேலைபார்த்ததால் பஞ்சு அங்கிருந்து வரும். நீல உறையில் சுற்றியது. பெர்னதெத்துக்கு ஆறு வயது, குடிலின் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் நாக்கை நீட்டிக் கூரையைத் தொட்டாள். டெட்டால். அன்றிலிருந்து பனி என்றாலே டெட்டால் வாசனைதான், காஷ்மீர் காலண்டரைப் பார்த்தாலும் மூக்கில் ஏறும். மாதா கோயில் திருவிழாவும் அப்படித்தான், ரோமாபுரியில் ஒரு குன்றின்மேல் ஆகஸ்ட் மாதத்தில் பனி பெய்ததாம், அதனால் அவள் பனிமய மாதா, ஆகஸ்ட் ஐந்து திருநாள், ஊரே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, குடைக்குள் வியர்த்து, வெயிலில் நின்று பனியைப் புகழ்ந்து பாடும். சின்ன வயதில் ஒவ்வொரு வருஷமும் பாட்டின் நடுவே அவள் மேலே பார்ப்பாள். ஒரு தடவை பெய்தது மறுபடி பெய்யாது என்று யார் சொன்னது? பக்கத்தில் நிற்கும் அம்மா தலையைப் பிடித்து இறக்கிவிடுவாள், "மேல என்னட்டி பாக்க, மாதா முன்னால இருக்கா." பெர்னதெத் பிறந்தது ஆகஸ்ட் நாலு. பனிமேரி என்று வைத்திருக்க வேண்டியது. தெருவில் ஏற்கெனவே மூன்று பனிமேரி இருந்ததால், கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள் என்று அப்பா பெர்னதெத் என்று வைத்துவிட்டார். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் ஏதோ வரிசையிலிருந்து தன் பெயரை யாரோ அடித்துவிட்டது போல ஒரு எண்ணம். பதினாறு நிமிஷம்.

சேவியர் இருந்தால் சிரிப்பான். கணவன் என்ற முறையில் பனி விஷயத்தில் தன் கடமையை முடித்துவிட்டதாக அவன் நினைக்கிறான். கல்யாணமான புதிதில் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனான், மே மாதம், ஏரிக்கரையில் சோளக்கருது வாங்கிக்கொடுத்து, "குளுருதா?" என்றான். குளிர்ந்தது. குளிர்வது வேறு, பெய்வது வேறு. ஜனவரியில் வந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும் என்று குதிரைக்காரர் சொன்னார். அதுவும் பெய்வதில்லை, தரையிலேயே உறைவது, அதைப் பனி என்று ஒத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை. பிறகு, மகன் கனடா போன வருஷம், உப்பளம். சேவியருக்கு உப்பு லாரி ஆபீசில் வேலை, குவித்த உப்பை நிலா வெளிச்சத்தில் காட்டி, "பாரு, உன் கனடாவ பாரு" என்றான். "இது விழுந்ததா?" என்றாள். "விழாது, அள்ளிக் கொட்டுனது." "அப்பறம் என்ன." "ஒனக்கு எதக் காட்டுனாலும் ஒரு நொட்டை, ஒன்னைய வச்சுக்கிட்டு சொர்க்கத்துக்குப் போனா வாசல்ல நிக்கிற பேதுருகிட்ட சாவிய வாங்கிச் சரிபாப்ப." அவன் சொன்னது வாஸ்தவம். சரிபார்க்காமல் எப்படி உள்ளே போவது. ஆலங்கட்டி கூட ஒரு தடவை விழுந்தது, பள்ளிக்கூட ஓட்டின்மேல், எல்லாரும் ஓடிப்போய்ப் பொறுக்கினார்கள், அவளும் பொறுக்கினாள், ஆனால் அது எறியப்படுவது போல வந்தது. அவளுக்கு வேண்டியது எறியப்படுவது இல்லை. இறங்குவது. இவ்வளவு மெதுவாக ஒன்று வானத்திலிருந்து இறங்க முடியும் என்றால், எதற்காக அவ்வளவு அவசரமில்லாமல் இருக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஜெர்வின் கனடாவில் வின்னிபெக்கில் இருக்கிறான், மகன், நாலு வருஷமாக. போனில் ஜன்னல் வழியாகக் காட்டுவான். வெள்ளையாக ஒன்று ஆடும், படம் நின்று நின்று வரும், பனி துண்டு துண்டாக விழுந்து அந்தரத்தில் நிற்கும், பிறகு மொத்தமாக விழும். "அம்மா, இதுல என்ன இருக்குன்னு கேக்கிய? தினம் காலைல கார வெளிய எடுக்க அரமணி நேரம் அள்ளணும். இழவு." அள்ளுகிறான், அவள் வயிற்றில் பிறந்தவன், பனியை மண்வெட்டியால் அள்ளி ஓரமாகப் போட்டு இழவு என்கிறான். இரண்டு தடவை விசாவுக்கு விண்ணப்பித்தாள். இரண்டு தடவையும், பயணம் முடிந்து அவர் நாடு திரும்புவார் என்று நம்புவதற்குப் போதுமான காரணம் இல்லை என்று கடிதம் வந்தது. அதை அவள் ஒரு கோபத்தோடு பலநாள் வைத்துப் படித்தாள். அவள் திரும்பி வரமாட்டாள் என்று முகம் பார்க்காத ஒருவர் எப்படிக் கண்டுபிடித்தார்? சேவியரை, சோற்றை, பத்தொன்பது வருஷ வேலையை விட்டுவிட்டு அவள் ஒரு வெள்ளைத் தெருவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடுவாள் என்று? மூன்றாவது தடவை போட வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஜெர்வின் சொல்லிவிட்டான், துபாயில் வேலை கிடைத்திருக்கிறது, மார்ச்சில் போகிறான், "அங்க வாங்க, விசா ஒரு நாள்ல கெடைக்கும், வெயிலு நம்ம ஊரு மாதிரியே." அவள் "நல்லதுப்பா" என்றாள். போனை வைத்துவிட்டு, சிங்க்கில் கிடந்த ஒரு தட்டை மூன்று தடவை கழுவினாள். ஆக, கதவு என்றால் இனி இந்தக் கதவுதான். பன்னிரண்டு நிமிஷம்.

திறந்தால் மாட்டிக்கொள்வாள், அதில் சந்தேகம் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் வட்டமான ஒரு தாள் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு பேனா அதன்மேல் அறையின் குளிரை வரைந்துகொண்டே இருக்கும். கதவு ஒழுங்காக மூடியிருந்தால் ஒழுங்கான வட்டம். அவளுடைய தாள்களைக் கோமதிநாயகம் கோப்பில் போட்டு வைத்திருக்கிறார், வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வந்தால் விரித்துக் காட்டுவார், "இது பெர்னதெத் மேடம் போட்ட வட்டம்" என்று, அவள் ஏதோ கோலம் போட்டது போல. இரண்டு நிமிஷத்துக்கு மேல் கதவு திறந்திருந்தால் மெஷின் ரூமில் மணி அடிக்கும். போன வருஷம் ஆல்பர்ட் என்று ஒருத்தன் போன் பேசிக்கொண்டே நாலு நிமிஷம் திறந்து வைத்தான். அவனை வாசல் கேட்டுக்கு மாற்றினார்கள். இன்னும் கேட்டில்தான் இருக்கிறான், தகரக் கூரைக்குக் கீழே, வண்டி நம்பர் எழுதிக்கொண்டு. அந்தத் தகரத்தை நினைத்தால் பயமாக இருந்தது. ஆனால் நின்று நிதானமாக யோசித்தால், தகரம் அவ்வளவு பெரிய பயம் இல்லை. பெரிய பயம், திறந்து, ஒன்றும் விழாமல் இருந்தால்? மூன்று வருஷமாகப் பேருந்திலும் பூசையிலும் மனதில் வைத்துக்கொண்டிருந்த ஒன்று, வெறும் புகையாக வந்து முகத்தில் அடித்துவிட்டுப் போனால்? மூடியிருக்கும் கதவுக்குப் பின்னால் பெய்யக்கூடும். திறந்த கதவுக்குப் பின்னால் பெய்யும் அல்லது பெய்யாது. அதற்கும் பக்கத்தில் ஒரு பொடிப் பயம், பெய்தாலும் அது பனிதானா? வானத்திலிருந்து வராதது எப்படிப் பனியாகும்? மேகம் வேண்டாமா? வேண்டும். உள்ளே திரளப்போகும் புகை என்ன, அது மேகம்தானே, தண்ணீரும் காற்றும் சேர்ந்ததுதானே. பதினெட்டு அடி உயரத்தில் மேகமா? கொடைக்கானலில் மேகம் பேக்கரிக்குள்ளேயே வந்தது, யாரும் அதன் உயரத்தைக் கேட்கவில்லை, பன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் சரி. அப்படியானால் மேகத்துக்குக் கூரை இருக்கலாம். அவள் கைப்பிடியை இழுத்தாள். இழுக்க வேண்டும் என்று தீர்மானித்ததாக ஞாபகமில்லை. கை இழுத்தது, கதவு முழுக்க, சுவரில் போய் முட்டும்வரைக்கும் திறந்தது. மூன்று நாற்பத்தொன்பது.

முதலில் காலுக்குமேல் கனமாக ஏதோ வழிந்து போனது, அறையின் காற்று, தரையோடு தரையாக. போனது காற்றுதான், குளிர் இல்லை, இந்த நேரத்திலும் அவள் அதைக் கவனித்துக்கொண்டாள். தலைக்குமேல் தூறலின் காற்று உள்ளே புகுந்தது, புகுந்த இடத்திலேயே வெளுத்தது, மேல்பாதி அறை முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு சுருண்டு உள்ளே போனது. அவள் மூன்று எட்டு உள்ளே வைத்து நின்றாள். வெறும் புகை. மூக்குக்குள் முடி விறைத்தது. போன் வெளியே லாக்கரில், உள்ளே கொண்டுவரக் கூடாது. புகை. மின்விசிறிகளின் இரைச்சல், அமைதி அமைதி என்று எழுதியவர்கள் மின்விசிறிகளைக் கணக்கில் எடுக்கவில்லை. எங்கோ மணி அடித்தது, இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது, வட்டம் கெட்டுவிட்டது, வாசல் கேட், தகரம், ஆல்பர்ட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி. புகைதான். சரி, புகைதான் போல, தெரிந்துகொண்டது நல்லது, தெரியாமலே ஐம்பது வயது ஆகியிருக்கும். மூடிவிடலாம் என்று திரும்பியபோது டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு புள்ளி மினுங்கியது. அணைந்தது. தள்ளி ஒன்று. பிறகு, எண்ணத் தொடங்கி எட்டில் விட்டுவிட்டாள், ஏனென்றால் டியூப் லைட்டின் நீளம் முழுக்க மினுங்கியது, சாய்ந்து சாய்ந்து, விசிறிக் காற்றில் ஒரு பக்கமாக ஒதுங்கி, அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கட்டில் அகலத்துக்குத்தான். அதற்கு அப்பால் இல்லை. அவள் அந்தக் கட்டில் அகலத்துக்குள் நகர்ந்து நின்று கறுப்புக் கோட்டுக் கையை நீட்டினாள். ஊசிகள். நொறுங்கிய ஓரங்கள். ஒன்றும் உருப்படியாக இல்லையே என்று தேடி, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒன்றைக் கண்டாள், கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஐந்து. மறுபடி எண்ணினாள். ஐந்து, ஆறாவது இருந்த இடத்தில் ஒரு முறிவு. ஆறு. பிறகு நாக்கை நீட்டினாள். ஒரு குத்தல், அப்புறம் ஒன்றுமில்லை, அதற்கும் அப்புறம் லேசாக இறால்.

"யக்கா, என்ன செய்யுதிய?" இசக்கிமுத்து வாசலில் நின்றான், ஓடிவந்த மூச்சு அவன் முன்னால் வெள்ளையாக நின்றது. "மணி அடிச்சுக் கெடக்கு. கதவு பொளந்து கெடக்கு. விழுந்துட்டியளோன்னு ஓடியாறேன்."

"விழல."

"பின்ன நாக்க நீட்டிக்கிட்டு நிக்கிய."

அவள் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவன் மேலே பார்த்தான். பிறகு உள்ளங்கையை மழைக்கு நீட்டுவது போல நீட்டினான், விழுந்தது உடனே தண்ணீரானது, சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினான்.

"இது என்னதுக்கா, கூரை உதிருதா?"

"இல்ல."

"பின்ன?"

"நீயே பாரு."

அவன் பார்த்தான். புருவத்தில் இரண்டு மூன்று தங்கியிருந்தன. "ஏழு வருசமா மெஷின் ஓட்டுதேன்," என்றான், யாரையோ குற்றம் சொல்வது போல. "ஒருத்தரும் சொல்லலியே." பிறகு கையைத் திருப்பி மணி பார்த்தான். "நாலாகப்போவுது. நிப்பாட்டணும்."

"உன் வாட்ச்சு முந்திப் போகும்."

"இது போன் பாத்து வச்சதுக்கா."

"முந்திப் போகும்டே."

அவன் அவளைப் பார்த்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிக்கொண்டிருந்த பேனாவைப் பார்த்தான். "அஞ்சு நிமிசம் முந்திப் போகுமா?" "போகும்." "அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, கட்டிலின் மறுபாதியில் வந்து நின்றுகொண்டான். விசிறிச் சத்தத்தில் கேட்காது என்று தெரிந்தும் அவள் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள். ஒரு நொடி, இயந்திரம் மூச்சு மாற்றும் இடைவெளியில், காதருகே கோட்டின்மேல் ஏதோ பட்ட மாதிரி இருந்தது. மிக மெல்லிய நறநறப்பு. அது பனியின் சத்தமா கோட்டின் சத்தமா என்று சரிபார்க்க இன்னொரு இடைவெளி வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோமதிநாயகம் தாளை மேசைமேல் வைத்தார். ஒரு பக்கத்தில் வட்டம், சுட்ட அப்பளத்தில் எழும்பிய கொப்பளம் போல, மைனஸ் எட்டு வரைக்கும் எழும்பியிருந்தது.

"மேடம், இது உங்க தாளா?"

"ஆமா சார்."

"மெஷின் கோளாறா? இசக்கிமுத்து நாலு அஞ்சுக்குத்தான் நிறுத்துனதா எழுதிருக்கான்."

"இல்ல சார். நான்தான் கதவத் தொறந்தேன்."

"எதுக்கு?"

"உள்ள என்ன நடக்குதுன்னு பாக்க."

"என்ன நடந்துச்சு?"

அவள் யோசித்தாள். அவர் உண்மையிலேயே பதிலுக்குக் காத்திருந்தார், பேனாவின் மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு. வெப்பமும் ஈரமும் உள்ளே வந்தன என்று தொடங்கலாம். அங்கிருந்து முறையாகப் போனால் கால் மணி நேரத்தில் ஆறு கைக்கு வந்துவிடலாம். "ஈரம் வந்துச்சு சார்" என்றாள். அவர் பேனாவை மூடினார். அறை காலி, சரக்கு ஒன்றும் கெடவில்லை, பத்தொன்பது வருஷம் என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொல்லிவிட்டு, அந்தத் தாளைக் கோப்பில் போடாமல் இழுப்பறையில் போட்டார்.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை வந்தது. ஆண்டுப் பராமரிப்பின்போது இயந்திரத்தை நிறுத்தி ஒரு மணி நேரம் கழிந்த பிறகே வாசல் திரையைக் கழற்ற வேண்டும். கதவைத் திறந்து வைத்தால் குளிர் வெளியே போய்விடும். கீழே பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெர்னதெத்தின் கையெழுத்து மூன்றாவது. சுற்றறிக்கையில் எந்த இடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை.